ஏழாம் படுக்கையின் கொசுறு

எங்கள் வீட்டில் முதல் விலையை நம்பியவர் யாரும் கிடையாது. அப்பாவுக்குத் துணிக்கடை, சித்தப்பாவுக்குப் பாத்திரக்கடை, நடுவில் ஒரே சுவர். சுவரின் இரண்டு பக்கமும் பேரம் ஓயாது. அதனால்தான், குழந்தைகள் ஆஸ்பத்திரியின் அறிவிப்புப் பலகையில் "கீழ்க்கண்ட செவிலியர் திங்கட்கிழமை முதல் நான்கு வாரங்களுக்குப் பெரியவர்கள் தீவிர சிகிச்சைப் பிரிவில் பணிபுரிவர்" என்று தாள் ஒட்டியபோது, நான்கை எட்டு என்று படித்துக்கொண்டேன். பட்டியலில் ஐந்தாவது ஆள் நான்.

குறை சொல்ல நியாயமில்லை. ஊரையே புரட்டிப் போட்ட அந்தத் தொற்று, குழந்தைகளைப் பெரும்பாலும் சும்மா கிள்ளிவிட்டுப் போனது. எங்கள் வார்டில் பாதிக் கட்டில்கள் காலி. சுவரில் வரைந்திருந்த ஒட்டகச்சிவிங்கி, வேறு வேலையில்லாமல் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது. சாலைக்கு எதிர்ப்பக்கம் பெரிய ஆஸ்பத்திரியில் கட்டில் போட இடமில்லை. இடம் கிடைத்தால் பார்க்க ஆள் இல்லை. சரக்கு தேங்கின கடையிலிருந்து சரக்கு தீர்ந்த கடைக்கு மூட்டையை மாற்றுவது எந்த வியாபாரிக்கும் புரிகிற விஷயம். மூட்டை நாமாக இருக்கும்போதுதான் கொஞ்சம் முதுகு வலிக்கிறது.

என்னோடு சாலையைக் கடந்தவர்களில் ஒருவர் எங்கள் மூச்சுப் பயிற்சிக்காரர். நுரையீரல் விரிய வேண்டும் என்று குழந்தைகளைப் பலூன் ஊதவைப்பவர். அதனால் பெயரே பலூன்.

"பன்னண்டு வருஷமா பத்து கிலோ ஆளுங்களோடயே பழகிட்டேன். நூறு கிலோவைப் பார்த்தா கை உதறுது" என்றார்.

"பத்துக் குழந்தை ஒண்ணா சேர்ந்து வந்திருக்குன்னு நினைச்சுக்கோங்க" என்றேன்.

அது எவ்வளவு ஆபத்தான ஆறுதல் என்று அன்றைக்கே தெரிந்தது.

அந்தப் பிரிவின் தலைமை நர்ஸுக்கு நான் மனசுக்குள் வைத்த பெயர் தராசு. ஒரு வார்த்தை கூடவும் பேசமாட்டார், குறையவும் பேசமாட்டார். பாதுகாப்பு அங்கிக்குள் எல்லோரும் ஒரே மாதிரி வெள்ளை மூட்டைதான் என்பதால், எங்கள் வார்டு வழக்கப்படி நெஞ்சில் ஒரு மஞ்சள் வாத்து ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு போயிருந்தேன். எங்களிடம் ஒவ்வொரு ஊசிக்கும் ஒரு ஸ்டிக்கர் பரிசு. வாத்து என் முத்திரை. தராசு அக்கா வாத்தைப் பார்த்தார். வாத்தும் அவரைப் பார்த்தது.

"இது எதுக்கு?"

"ஆள் அடையாளம், அக்கா."

"இங்க யாரும் ஊசிக்கு அழமாட்டாங்க."

"அழுதா சொல்லுங்க. ஒரு அட்டை முழுக்க வச்சிருக்கேன்."

முகக்கவசம் இருந்ததால் சிரித்தார் என்றே வைத்துக்கொண்டேன்.

எனக்குக் கொடுத்தது ஏழாம் படுக்கை. அறுபத்தொரு வயது, நூற்று நான்கு கிலோ, மீசை தனி எடை. கடைத்தெருவில் பெரிய இரும்புச் சாமான் கடை அவருடையது. ஆணி, கீல், தாழ்ப்பாள், பூட்டு, மொத்தமாகவும் சில்லறையாகவும். மூக்கில் செருகிய தடித்த குழாய் ஆக்ஸிஜனைப் புயலாக ஊதிக்கொண்டிருந்தது. உடம்பு அனலாகச் சுட்டது. "காய்ச்சல் மருந்து ஒரு வேளை ஏத்திடுங்க" என்று சொல்லிக்கொண்டே டாக்டர் அடுத்த கட்டிலுக்கு ஓடினார்.

குழந்தைகள் வார்டில் எடையால் பெருக்காமல் எந்த மருந்தையும் தொடமாட்டோம். கிலோவுக்கு இவ்வளவு என்பதுதான் எங்கள் வேதம். பழக்கதோஷம், நூற்று நான்கால் பெருக்கினேன். எடுத்த மருந்தை இன்னொருவர் கண்ணில் காட்டாமல் ஏற்றுவதில்லை என்பதும் எங்கள் பழக்கம். தராசு அக்காவிடம் நீட்டினேன்.

"இது யாருக்கு?"

"ஏழுக்கு."

"ஏழு பேருக்கா?"

பெரியவர்களுக்கு எடை எத்தனை ஏறினாலும் மருந்துக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. அதைத் தாண்டினால் ஈரல் தாங்காது. நான் எடுத்திருந்தது அதைப்போல ஒன்றரை மடங்கு. குழந்தைகள் நர்ஸால் மட்டுமே செய்ய முடிகிற தப்பு. எனக்குக் காது சுட்டது. தராசு அக்கா திட்டவில்லை. "ரெண்டு பேர் பாக்கற பழக்கத்தை மட்டும் விட்டுடாதீங்க" என்று சரியான அளவை அவரே எடுத்துக் கொடுத்தார்.

அப்போது கட்டிலிலிருந்து ஒரு குரல், இரண்டு சொல்லுக்கு ஒரு மூச்சாக வந்தது. "கூடக் கிடைக்கிறதை... வேண்டாம்ங்கிறீங்க... என்ன கடைம்மா இது?"

அந்த வார்த்தையை அப்போதே முந்தானையில் முடிந்து வைத்திருக்க வேண்டும். வெட்கத்தில் விட்டுவிட்டேன்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு டாக்டர் ஏழாம் படுக்கையின் முன் நின்றார். திரையில் ரத்தத்தின் ஆக்ஸிஜன் எண்பத்தாறு. குறைந்தது தொண்ணூறாவது வேண்டும். குப்புறப் படுத்தால் முதுகுப் பக்கத்து நுரையீரல் விரிந்து எண் ஏறும் என்று எல்லோரும் சொல்லிப் பார்த்தாயிற்று. அவர் மூன்று நாளாக மல்லாந்தே கிடந்தார்.

"ஐயா, சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் பாக்கறேன். அதுவரைக்கும் இப்படியே இருந்தா, மயக்கம் கொடுத்து, தொண்டைல குழாய் போட்டு, மெஷின்ல வைக்கிறதைத் தவிர வேற வழி இல்ல."

"போடுங்க."

"அப்படிப் போனவங்க எல்லாரும் திரும்பி வர்றதில்லைங்க. உங்ககிட்ட மறைக்க விரும்பல."

இரும்புக்கடைக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். போன வாரம் அங்கே குழாய் போட்ட ஆறு பேரில் இரண்டு பேர்தான் எழுந்தார்கள். அது எங்களுக்குத் தெரியும். அவருக்கும் தெரிந்திருக்கும், பக்கத்துக் கடை மூடிக் கிடப்பதைக் கவனிக்காத வியாபாரி உண்டா?

"குப்புறப் படுங்க" என்றார் தராசு அக்கா.

"நான் என்ன... கைக்குழந்தையா... குப்புற விழ? வயிறு அமுங்குது... மூச்சு முட்டுது. முடியாது."

எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. மருந்தே வேண்டாம் என்று பல்லைக் கடித்துக்கொள்கிற மூன்று வயதுகளை வழிக்குக் கொண்டுவந்து பிழைப்பவள் நான். இந்தப் பெரிய குழந்தை எம்மாத்திரம்? கட்டிலருகே குனிந்தேன். எங்கள் வார்டில் சின்னதாகத்தான் கேட்போம். "ஒரே ஒரு வாய், தங்கம்." அது உள்ளே போனால் அடுத்த வாய். அதே குரலில் கேட்டேன்.

"பத்தே பத்து நிமிஷம், ஐயா. அதுக்கு மேல கேக்க மாட்டேன்."

அவர் ஒரு கண்ணைத் திறந்தார். என்னை அளந்தார்.

"சரி. பத்து நிமிஷம். பேச்சு மாறக் கூடாது."

முதல் விலைக்கே எதிராளி தலையாட்டினால், நம் துணியை நாமே வெட்டிக்கொண்டோம் என்று அர்த்தம். இரண்டு மணி நேரத்தில் ஆரம்பித்திருக்க வேண்டியவள், பத்து நிமிஷத்தில் ஆரம்பித்துவிட்டேன். துணிக்கடைக்காரர் மகளுக்கு இது தெரியாமலா? பன்னிரண்டு வருஷம் குழந்தைகளோடு இருந்ததில் பேரத்தின் தலையும் வாலும் எனக்கு மாறிப்போயிருந்தன.

நாலு பேர் சேர்ந்து அவரைத் திருப்பினோம். எண் மெல்ல ஏறியது. எண்பத்தெட்டு, எண்பத்தொன்பது. ஒன்பதாவது நிமிஷம் தொண்ணூற்றொன்று. அவர் தலையணையில் கன்னம் நசுங்க, சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பத்து ஆச்சு. திருப்புங்க."

"ஐயா, எண் நல்லா ஏறுது, இன்னும் கொஞ்ச..."

"அதுக்கு மேல... கேக்க மாட்டேன்னு... சொன்னியே?"

சொன்னேன்தான். குழந்தையிடம் கொடுத்த வாக்கைத் தவறினால் அந்தக் குழந்தை அப்புறம் வாயே திறக்காது. அதுவும் எங்கள் வேதத்தில் இருக்கிறது. திருப்பினோம். கால் மணி நேரத்தில் மறுபடி எண்பத்தாறு.

"நல்ல வியாபாரம்" என்றார் தராசு அக்கா. இரண்டே வார்த்தை, எடை சரியாக இருந்தது.

மதியம் அங்கியைக் கழற்றிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன். பலூன் எதிரில் உட்கார்ந்து, "அவங்க அம்மாகிட்ட கேட்டியா?" என்றார்.

"யார் அம்மா? அவருக்கு அறுபத்தொண்ணு."

"அதான் யாராவது ஒருத்தர். நம்ம வார்டுல அம்மாவைக் கேக்காம எந்தக் குழந்தையைத் தொட்டிருக்கோம்?"

உண்மைதான். எதற்கு மசியும், எதற்கு முறைக்கும் என்று பெற்றவளைக் கேட்காமல் நாங்கள் ஒரு தெர்மாமீட்டர்கூட வைக்கமாட்டோம். பெரிய ஆஸ்பத்திரியில் யாரையும் உள்ளே விடுவதில்லை. வீட்டுக்காரர்களுக்கு நாளைக்கு ஒரு முறை போனில் நிலவரம் சொல்வதோடு சரி. சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு அவர் மனைவிக்குப் போன் போட்டேன்.

"எப்படி இருக்காரு?" என்ற குரலில் நடுக்கம். ஒளிக்காமல் சொன்னேன்: குப்புறப் படுத்தால் தேறலாம், படுக்க மறுக்கிறார், சாயங்காலம் ஆறு மணிக்குக் குழாய்.

"மிரட்டினீங்களா?"

"அக்கா மிரட்டினாங்க."

"கெஞ்சினீங்களா?"

"நான் கெஞ்சினேன். பத்து நிமிஷம் கொடுத்தாரு. அதோட பேச்சு முடிஞ்சதுன்னுட்டாரு."

"முடிஞ்ச பேச்சுன்னா முடிஞ்சதுதான். அதை மறுபடி கிளறினா கல்லாப்பெட்டி மேலயே ஏறி நின்னு கத்துவாரு." மூக்கை உறிஞ்சினார். பிறகு அந்தக் குரலில் கொஞ்சம் சிரிப்பு எட்டிப் பார்த்தது. "ஆனா ஒண்ணு, சிஸ்டர். எங்க கடைல இருந்து கொசுறு இல்லாம ஒருத்தர் போனதில்ல. ரெண்டு கீல் வாங்கினவனுக்கும் ஒரு பிடி ஆணி அள்ளிப் போடுவாரு. யாராவது கேக்காமப் போயிட்டா, 'வாங்கத் தெரியாதவன்'னு ராத்திரி வரைக்கும் திட்டிட்டு இருப்பாரு."

நான் நெற்றியில் அடித்துக்கொண்ட சத்தம் அவருக்கே கேட்டிருக்கும். அளந்து முடித்த துணிக்கு மேல் நாலு விரல் விட்டு வெட்டுகிற கடையில் வளர்ந்தவள், ஆணிக்காரரிடம் கொசுறு கேட்காமல் வந்திருக்கிறேன்!

இரண்டு மணிக்கு மறுபடி அங்கியை மாட்டினேன். பலூன் அதற்குள் சாலையைத் தாண்டிப் போய், எங்கள் பக்கத்திலிருந்து இரண்டு தலையணைகள் கொண்டுவந்திருந்தார். பால் கொடுக்கும் தாய்மார் மடியில் வைத்துக்கொள்கிற பிறை வடிவத் தலையணைகள். உறையெல்லாம் முயல் படம். இரண்டையும் எதிரெதிராக வைத்தால் நடுவில் ஒரு பள்ளம். வயிறு அதற்குள் தொங்கிக்கொள்ளும், அமுங்காது.

"ஐயா."

"பேச்சு... முடிஞ்சதும்மா."

"முடிஞ்சது. பத்து நிமிஷம்னு சொன்னேன், பத்து நிமிஷம் கொடுத்தீங்க. அதுல ஒரு குறையும் இல்ல. கொசுறு எங்க?"

கண் திறந்தது. இந்தத் தடவை இரண்டும்.

"என்ன கேட்டே?"

"கொசுறு."

"யார்... சொல்லிக் கொடுத்தாங்க?"

"நான் துணிக்கடைக்காரர் பொண்ணு. யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டாம்." இது பாதிப் பொய். வாத்துக்கு மட்டும் தெரியும்.

அவர் என் நெஞ்சிலிருந்த வாத்தைப் பார்த்தார், முயல் தலையணைகளைப் பார்த்தார். மீசை கொஞ்சம் அசைந்தது.

"எவ்வளவு?"

இங்கேதான் தவறக் கூடாது. "கொசுறுக்கு வாங்கறவங்க அளவு சொல்ற வழக்கம் எங்க கடைல கிடையாது. அது கொடுக்கற கையைப் பொறுத்தது."

"என் கை... சின்னதுன்னு... இதுவரைக்கும் எவனும் சொன்னதில்ல."

"கேள்விப்பட்டேன். பாக்கணும்னுதான் வந்தேன்."

"பேச்சைப் பாரு..." என்றார். பிறகு, யாரும் தொடாமலே ஒரு கையைக் கட்டிலின் ஓரக் கம்பியில் வைத்தார். "திருப்புங்க."

பலூன் தலையணைகளைச் சரிசெய்தார். வயிறு பள்ளத்தில் இறங்கியதும் அவர் முகத்தில் ஓர் ஆச்சரியம் வந்தது. "இது நல்லாருக்கே. காலைல ஏன்... இதைக் காட்டல?"

"காலைல சரக்கு வரலைங்க" என்றார் பலூன்.

இந்தத் தடவை அவர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. கொசுறு போடும்போது யார் எண்ணுகிறார்கள்? பத்து நிமிஷத்தில் தொண்ணூறு. அரை மணியில் தொண்ணூற்றிரண்டு. முக்கால் மணியில் அவர் குறட்டை விட்டார். அந்த அறையில் அலறாத ஒரே சத்தம் அதுதான். தராசு அக்கா வந்து, திரையைப் பார்த்து, அவரைப் பார்த்து, முயல்களைப் பார்த்துவிட்டுப் போனார். திரையில் தொண்ணூற்றுமூன்று.

நாலேகாலுக்கு விழித்தார். தண்ணீர் வேண்டும், இடுப்பு வலிக்கிறது. மல்லாத்தினோம். தண்ணீர் புரையேறி இருமல் பிடித்துக்கொண்டது. விட மாட்டேன் என்றது. இருமி முடித்தபோது ஆள் துவண்டிருந்தார். ஐந்தேகாலுக்கு எண்பத்தேழு.

"ஐயா, இன்னொரு தடவை..."

"போதும்மா. கடை... மூடியாச்சு." சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிடிவாதமில்லை அந்தக் குரலில், அலுப்புதான் இருந்தது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. பிடிவாதத்தோடு பேரம் பேசலாம். அலுத்தவரோடு என்ன பேசுவது? அவர் உள்ளங்கையைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றேன். இரண்டு கையுறை தாண்டியும் சூடு தெரிந்தது.

ஐந்து நாற்பதுக்கு டாக்டர் வந்தார். பின்னால் குழாய், மருந்து எல்லாம் அடுக்கிய தள்ளுவண்டி.

"ஆறு மணின்னு சொன்னீங்க, டாக்டர்" என்றேன்.

"இருபது நிமிஷத்துல என்ன மாறப் போகுது, சிஸ்டர்? ஆள் களைச்சுட்டாரு. தாமதிச்சா அதுவே ஆபத்து."

அவர் சொன்னதிலும் தப்பில்லை. நான் வாயைத் திறக்குமுன் பின்னாலிருந்து தராசு அக்காவின் குரல் வந்தது.

"மூணு நாள்ல இன்னைக்குத்தான் இவருக்குத் தொண்ணூத்திமூணு பாத்தேன். வண்டி இங்கயே இருக்கட்டும், நாமளும் இங்கயே நிப்போம். அரை மணி நேரம் கொசுறு கொடுங்க."

அன்றைக்கு முழுக்க அவர் பேசியதிலேயே நீளமான பேச்சு. தள்ளுவண்டியைப் பிடித்திருந்த பலூன் பிடியை விட்டுவிட்டார்.

"என்னது, கொசுறா?" என்றார் டாக்டர்.

கட்டிலிலிருந்து ஒரு செருமல். இரும்புக்கடைக்காரர் தலையைத் திருப்பி டாக்டரை மேலும் கீழும் பார்த்தார், பூட்டு வாங்க வந்து சாவியை மட்டும் கேட்டவனைப் பார்ப்பதுபோல.

"இவ்வளவு படிச்சவரு... கொசுறு தெரியாதா?" மூச்சு வாங்கினார். "ஏம்மா வாத்து. திருப்பு. இவருக்கு... என் கையைக் காட்டறேன்."

திருப்பினோம். முயல்களின் நடுவே வயிறு இறங்கியது. நாலு பேரும் ஒரு திரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். எண்பத்தேழு. எண்பத்தேழு. எண்பத்தாறு. டாக்டரின் கை வண்டியின் பக்கம் போனது. பலூன் அவர் காதருகே மண்டியிட்டு, பலூன் ஊதச் சொல்கிற அதே குரலில், "மெதுவா உள்ள இழுங்க... மெதுவா விடுங்க... மெழுகுவத்தி அணையக் கூடாது, ஆடணும், அவ்வளவுதான்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். எண்பத்தெட்டு. தொண்ணூறு. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. ஆறு மணிக்குத் தொண்ணூற்றொன்று. ஆறு பத்துக்குத் தொண்ணூற்றுமூன்று.

டாக்டர் வண்டியைக் காலால் ஓரமாகத் தள்ளினார். "காலைல பாப்போம், ஐயா."

தலையணைக்குள்ளிருந்து பதில் வந்தது. "கொசுறு... போட்டாச்சுன்னு... எழுதிக்கோங்க."

மறுநாளும் குழாய் போடவில்லை, அதற்கு மறுநாளும். வேலை மாறும்போது ஒருவருக்கொருவர் சொல்லிவிட்டுப் போகிற குறிப்புத் தாளில் தராசு அக்காவின் கையெழுத்தில் ஒரு வரி ஏறியது: 'ஏழு: பேசியது ஒரு மணி. கொசுறு இரண்டரை.' மூன்றாம் நாள், இரும்புக்கடைக்காரர் ஐந்தாம் படுக்கைக்காரரைக் கூப்பிட்டு, "என்னய்யா மல்லாந்து கிடக்கிற? கைல ஒண்ணும் வராதா?" என்று சீண்டியதில், அந்த ஆளும் ரோஷத்தில் குப்புற விழுந்தார். எதிர்ப்பக்கத்து முயல் தலையணைகள் அத்தனையும் சாலையைக் கடந்தன. தராசு அக்கா ஒரு நாள் என்னிடம் வந்து, "அந்த அட்டையில மீதி இருக்கா?" என்று கேட்டு ஒரு வாத்தை வாங்கிப் போனார். யாருக்கு என்று நான் கேட்கவில்லை. மறுநாள் அவர் அங்கியின் உள்பக்கம் மஞ்சளாக ஏதோ தெரிந்தது.

நான்கு வாரம் எட்டு வாரமானது வேறு கதை. நான் அதைத் தாளில் பார்த்த அன்றைக்கே படித்துவிட்டேனே.

பதினோராம் நாள் அவரைச் சாதாரண வார்டுக்கு மாற்றினார்கள். மூக்கில் மெல்லிய குழாய் மட்டும், மீசை சீவியிருந்தது. சக்கர நாற்காலியில் உட்கார்ந்து, வாசலை நெருங்கியதும் கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார்.

"எத்தனை நாள் இருந்தேன், வாத்து?"

"பதினொண்ணு, ஐயா."

அந்த நீள அறையைத் திரும்பிப் பார்த்தார். கட்டில்கள், கம்பிகள், விடாமல் கத்துகிற திரைகள்.

"எங்க போனாலும் கொசுறு கேக்காம வரமாட்டேன்" என்றார். "உங்க கடைல மட்டும் வேண்டாம்மா. பதினொண்ணே போதும். நான் கிளம்பறேன்."

தராசு அக்கா வாய்விட்டுச் சிரித்தார். முகக்கவசம் இருந்தும் நன்றாகவே கேட்டது.

பதினோரு நாள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் ஊசி குத்திக்கொண்டவர். எங்கள் வார்டு வழக்கப்படி அவர் சட்டையில் ஒரு வாத்து ஒட்டினேன். பிறகு, அவர் கேட்காமலே, பக்கத்தில் இன்னொன்று.